ஆமைக்குப் பூசிய மஞ்சள்

சல்லி,
திருகோணமலை.

அன்புள்ள விதுசன் அண்ணாவுக்கு,

அம்மன் துணையால் அப்பா, அம்மா, நான், பூனை எல்லோரும் சுகம். கனடாக் குளிரில் உங்கள் மூக்கும் சுகமாக இருக்க வேண்டும். அம்மா குசினியில் சமைத்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்ல ஏலாது, அப்பா ஊருக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகப் போடுவார், இது அவருக்குத் தெரியக்கூடாத கதை.

போன கிழமை அப்பாவின் வலையில் ஒரு பேராமை சிக்கியது. அப்பா புது வலையை வெட்டி அதை எடுத்தார். அம்மனே வந்த மாதிரி என்று அம்மா ஓடிப்போய் ஓட்டில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார், பிறகு கடலில் விட்டோம். அதற்குள் யாரோ படம் பிடித்து அனுப்ப, ஓர் இணையச் செய்திக்காரர் "உலகின் கடைசிப் பேராமை, வயது முந்நூறு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிக் கறிக்குத் தயார்" என்று போட்டுவிட்டார். நான் நூலகத்தில் வாசித்து, பேராமை அருகிவரும் இனம்தான், ஆனால் இது கடைசி இல்லை, அத்தனை வயது வாழாது, சிவப்பாக இருப்பது குங்குமம் என்று விளக்கமாக எழுதினேன். திருத்தம் வந்தது, வயதை மட்டும் இருநூறாகக் குறைத்திருந்தார்கள். வனசீவராசி அதிகாரிகள் வந்து சட்டி திறந்து பார்த்தார்கள். உள்ளே பூசணிக்காய்க் கறி. ஆமை நீந்திப்போனதை நான் எடுத்த வீடியோவையும் பார்த்துவிட்டு, கறியையும் ருசி பார்த்துப் போனார்கள்.

அது போகட்டும். அந்தச் செய்தியை நீங்களும் பகிர்ந்து, "இந்தக் கையை வெட்ட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் முகம் இல்லை, ஆமையும் அதைப் பிடித்திருக்கும் கையும்தான். "பெத்த தகப்பன்ர கை தெரியேல்லையோ எண்டு கேள்" என்கிறார் அம்மா. கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. உங்கள் முகப்புப் படத்தையும் ஆமையையும் கண்டதும் ஒரு விருப்பம் போட்டுவிட்டு, "மகன் எனக்காக எழுதியிருக்கிறான், வாசிச்சுப் பாருங்கோ" என்று கரையெல்லாம் காட்டித் திரிகிறார். வாசித்தவர்கள், ஓம் ஓம், நல்லாய் எழுதியிருக்கிறான் என்று தலையாட்டுகிறார்கள். அம்மா கண்ணாடியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார், அப்பா அலுமாரியைக் கவிழ்த்துத் தேடுகிறார்.

நாளை கனடா திரும்பும் ஜெஸ்மின் அக்காவிடம் இதோடு இரண்டு பொதி வரும். ஒன்று மிளகாய்த்தூள், மற்றது குங்குமம். பெயர் ஒட்ட அம்மா விடவில்லை, நீங்களே வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

தடிமனுக்கு மல்லி அவித்துக் குடியுங்கள். நீங்கள் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா அம்மனிடம் கேட்கிறார், அப்பாவும் கேட்பார். முதலில் அந்தப் பதிவை அழித்துவிட்டு, அது யாருடைய கை, அன்று என்ன செய்தது என்று எழுதுங்கள். பெரிய எழுத்தாக எழுதுங்கள். அதன் பிறகுதான் கண்ணாடி அரிசிக்குள்ளிருந்து வெளியே வரும்.

அம்மா சொல்ல எழுதிய தங்கை,
சிவரூபி