மக்காச்சோளப் பெட்ரோல்

நெருப்பெரிச்சல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா தனபால் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நிட்டிங் மிஷின்களும் நலம். பெலகாவியில் நீயும் உன் எத்தனால் ஆலையும் நலமா? வாட்ஸ்அப்பில் தட்டினால் உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். அதனால்தான் தாள்.

முதலில் என் மானம் போன கதை. ஆடிட்டர் திருமூர்த்தி ஆபீசில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். பெட்ரோலில் கலக்கிற எத்தனாலுக்கு வரியைப் பதினெட்டிலிருந்து ஐந்து சதவீதமாக்கி விட்டார்களே, மிச்சம் பதிமூன்று எப்போது நம் கணக்கில் ஏறும் என்று கேட்டுவிட்டேன். பனியன் ஏற்றுமதி செய்தால் அரசாங்கம் டிராபேக் என்று பணம் திருப்பித் தருகிறதல்லவா, அந்த நினைப்பு. திருமூர்த்தி, "ஏனுங்கண்ணா, டிராபேக் புத்தியை வாசல்ல கழட்டி வெச்சுட்டு வாங்க. அது வாங்கற எண்ணெய்க் கம்பெனிகிட்ட வசூல் பண்ணிக் கட்டற வரிங்க. கொறைஞ்சா அவங்களுக்குத்தான் லாபம்" என்றான். சிரிப்பு அடங்க, நான் காபி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆலை கட்ட வாங்கும் கடனுக்கு வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்கும் திட்டமும் உண்டாம். ஆனால் அதற்கு மனு வாங்குவதைத் திடீரென்று திறப்பார்கள், திடீரென்று மூடுவார்களாம். கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

எனக்கு ஏன் இந்த வேலை என்பாய். உன் மாமன் அப்புசாமி மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்கும் ஆலை போடப் போகிறான். ஊத்துக்குளியில் உன் பெயரில் இருக்கும் நிலத்தைப் பங்காகக் கேட்கிறான். வைகாசி பிறந்ததும் பத்திரமாம்.

அன்றிலிருந்து பெட்ரோல் பங்கில் நின்றால்கூட யோசனைதான். கோழிக்குப் போடுகிற சோளம் எப்படியம்மா வண்டி ஓட்டும்? எல்லோரும் ஆலை போட்டால் சோளம் விலை ஏறாதா, கோழிக்காரன் எங்கே போவான்? நாளைக்கு எல்லா வண்டியும் கரண்டில் ஓடினால் இதை யார் வாங்குவார்கள்? தண்ணீர் எவ்வளவு குடிக்கும், கழிவு எங்கே போகும்? சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரில் ஒரு தடவை சூடுபட்ட ஊர் இது. அம்மாவுக்கும் ஒரு சந்தேகம். சாறு எடுத்த சக்கையை மாட்டுத் தீவனமாக விற்பார்களாமே, அதைத் தின்றால் எருமைக்குப் போதை ஏறுமா, ஏறினால் வெண்ணெய்க்கும் ஏறுமா என்கிறாள். நான் சிரித்தேன். எனக்கும் விடை தெரியாது.

நிலம் உன்னுடையது. வேண்டாம் என்றால் மாமனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் பங்காளிகள் எல்லோரையும் வைத்துக்கொண்டு அப்புசாமி, "நெலம் கெடக்கட்டுங்க மாமா. அனுக்கண்ணு இந்த வேலையிலயே ஊறுன புள்ளை. வரச் சொல்லுங்க, ஆலையை அவளே பாக்கட்டும்" என்றான். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "அவளுக்கு அங்க நல்ல வேலைங்க, அவளே மூணு ஷிப்ட்டு ஆளுகளை மேய்க்கறா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள். மாசாணியம்மன் உன்னைக் காக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
தனபால்.

அன்று சபையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: நான் கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய் கண்ணு. அதனால்தான் கூப்பிடவில்லை.