பன்னிரண்டு என்று சொன்னேன்

அப்பா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். செத்துப்போனவரிடம் இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் கேட்கிறேன். பயமாக இருக்கிறது.

அண்ணனின் சட்டை ஆணியில் தொங்குகிறது. அதிலிருந்து வெடிமருந்து வாசம் வருகிறது, உங்கள் சட்டையில் வந்த அதே வாசம். அண்ணன் கல்குவாரிக்குப் போகத் தொடங்கி இருபது நாளாகிறது. உங்கள் வேலையைத்தான் செய்கிறான்.

சிறுவயதில் வெடிச்சத்தம் கேட்டு நான் அழுதபோது, "இது சண்டைக்கு வெக்கற வெடியில்ல சாமி, ஊடு கட்டற வெடி" என்பீர்கள். பாறையில் குழிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, மருந்தைக் குறைத்து வைப்பீர்கள். கல் பாளம் பாளமாக வரும். "மல ஒருக்காதான். பொடியாக்கிப்போட்டா ரோடும் வராது, ஊடும் வராது" என்பீர்கள். சமூக அறிவியல் பரீட்சையில் கனிம வளத்தைப் பற்றிக் கேட்டபோது நான் அதைத்தான் எழுதினேன். இப்போதைய முதலாளிக்கு அவசரம். குழிகளை நெருக்கிப் போடச் சொல்கிறாராம். பாதிக்கல் புழுதியாகப் போகிறது.

எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் வெடிக்காத மருந்து இன்னும் குழியில் கிடக்கிறது, யாரும் உள்ளே இறங்கக் கூடாது. குவாரிக்குள் எதிரொலியில் ஒன்று இரண்டாகக் கேட்கும். ஏரிக்கு இந்தப் பக்கம் நம் வீட்டில் தெளிவாகக் கேட்கும். அதனால்தான் தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்வீர்கள்.

அன்று காலையிலேயே பன்னிரண்டு குழி என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சாயங்காலம் நான் போனில் விளையாடிக்கொண்டிருந்தேன். எண்ணவில்லை.

"எத்தன சாமி?"

"பன்னெண்டுங்கப்பா."

"அப்பச் செரி. எனக்கும் பன்னெண்டு."

கடப்பாரையோடு இறங்கினீர்கள். பதினோரு குழிதான் வெடித்திருந்தது.

டீக்கடையில் இன்னமும் பேசுகிறார்கள். "அத்தன வருசம் வெடி வெச்ச ஆளு, எண்ணத் தெரியாமப் போயிட்டானே!" அம்மா தலையைக் குனிந்துகொண்டு கடந்து வருகிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். உங்கள் மேல் விழுந்த பழி என்னுடையது.

நேற்றுப் பதினான்கு குழி என்று அண்ணன் சொல்லியிருந்தான். எனக்குப் பதின்மூன்றுதான் கேட்டது. உடனே அவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏ பாப்பா, நா இங்க நின்னு எண்ணிருக்கறேன், நீ ஊட்ல படுத்துக்கிட்டு எனக்குக் கணக்குச் சொல்றயா?" என்று சிரித்தான். "மொதலாளி விடியக்காலமே எறங்கச் சொல்லிட்டாரு. ஒண்ணும் ஆவாது, போய்ப் படி."

இரவு சாப்பிடும்போதும் சொன்னேன். "உனக்கென்ன, காதுல மிசினா வெச்சிருக்கற?" என்றான். அம்மாவும் சிரித்தாள். எதிரொலிதான் உங்களை ஏமாற்றியது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்ப்பாளா?

அண்ணன் எழுந்துவிட்டான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அவன் வண்டிச் சாவியை எடுத்து என் பாவாடை மடிப்பில் வைத்திருக்கிறேன். என்னிடம் நீங்கள் விட்டுப்போனது இந்த எண்ணிக்கை ஒன்றுதான் அப்பா. நேற்றுச் சரியாக எண்ணினேன். பதின்மூன்றுதான்.

கதவைத் தட்டுகிறான். "பாப்பா, சாவியக் காணம், நீ பாத்தயா? நேரமாச்சு, கதவத் தொற."

திறக்கிறேன். முதலில் அன்று எண்ணாமல் சொன்ன பன்னிரண்டைச் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் பதின்மூன்றை.