மஞ்சள் போர்டில் அம்மாக்கண்ணு அக்கா

அன்புள்ள தம்பி தனுஷனுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு அம்மாவை மன்னித்துக்கொள். இங்கே தோட்டத்து லயத்தில் அநேகமாக எல்லாரும் படுத்துவிட்டார்கள், நீ கத்தாரில் இப்போதுதான் வேலை விட்டு அறைக்கு வந்திருப்பாய். நானும் அப்பாவும் தங்கச்சியும் நல்ல சுகம், நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்றுதான் சாமி விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தங்கச்சிக்கு மட்டும் இருமல் விடவில்லை, கொத்தமல்லி அவித்துக் கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறேன். ஏன் போன் எடுக்காமல் கையால் எழுதி அதைப் படம் பிடித்து அனுப்புகிறேன் என்று யோசிப்பாய். நம் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், அந்தப் பக்கம் தீக்குச்சி உரசினால் இந்தப் பக்கம் கேட்கும். நான் சொல்லப்போவது அந்தப் பக்கத்து வீட்டைப் பற்றி. போனில் பேசியிருந்தால் பாதியிலேயே அழுதிருப்பேன், அப்பா போனைப் பிடுங்கி உன்னை ஏசியிருப்பார். எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று பட்டது. பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மூன்று நாளாக எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அப்பாவின் ஸ்டூடியோவுக்கு நீ மூன்று லோகோ செய்து அனுப்பினாயே, அதிலிருந்துதான் எல்லாம். கெமரா மூடியை இலை மாதிரி விரித்து ஒன்று, கெமராவுக்கு மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டும் வைத்து ஒன்று, மூன்றாவது கூடை சுமந்த பெண் கறுப்பு உருவமாக நிற்கிறது. அப்பாவுக்கு முதலாவதுதான் பிடித்தது, கெமரா இருந்தால்தானே போட்டோ கடை என்று சனத்துக்கு விளங்கும் என்றார். நான்தான் மல்லுக்கு நின்றேன். அட்டனில் எந்த ஸ்டூடியோவைப் பார்த்தாலும் ஒரு கெமராவும் ஒரு கண்ணும்தான், நம் பிள்ளை செய்த மூன்றாவதில் நம் மலை இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றேன். போனில் பெருவிரல் அளவுக்குப் பார்த்தபோது அந்த உருவம் எனக்கு யாரோ ஒரு கொழுந்து பறிக்கிற பெண், அவ்வளவுதான். அட்டனில் போர்டு அடிக்கிற மீராசாஹிப் நானாவும் பார்த்துவிட்டு, மகன் நல்லா செஞ்சிருக்கான் டீச்சர், பின்னால மஞ்சளக் கொடுத்து உருவத்த ஒரே கறுப்பா விட்டா எந்தப் பனி மூட்டத்துலயும் தெரியும் என்றார். உன் பேரிலேயே தனு ஸ்டூடியோ என்று போட்டு, ஆள் உயரத்துக்கு அடித்துக் கொடுத்தார். விசிட்டிங் கார்டிலும் அதே உருவம், அப்பா எடுக்கிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சின்னதாக அதே உருவம். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, டீச்சர்மாரிடமெல்லாம் போனைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

போர்டு ஏற்றிய அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே றொசல்லயில் இருக்கிற நம் கடைக்குப் போனேன். அப்பா ஏணியில் நின்று கடைசி ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து மூட்டம் இறங்கிவிட்டது, ரோடும் தெரியவில்லை, கடைக்கதவும் தெரியவில்லை, அந்த மஞ்சள் மட்டும்தான் தெரிகிறது, அதில் அந்தக் கறுப்பு உருவம். கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து வந்த பொம்பளைகள் வளைவில் திரும்பினார்கள். முன்னால் வந்த மூக்கன் சம்சாரம் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் முட்டிக்கொண்டு, என்னடி வழியில நிக்கிற என்று ஏசினார்கள். அது ரொம்ப சாதாரணமாக, யாரையோ வழியில் கண்டதுபோல, "அம்மாக்கண்ணு ஏன் இங்கன நிக்கிது?" என்றது. தம்பி, அந்த நிமிஷம்தான் எனக்கும் தெரிந்தது. கூடைக் கயிற்றை உச்சந்தலையில் வைக்காமல் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பது, அதற்கடியில் மடித்து வைத்த துண்டின் நுனி ஒரு பக்கம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது, இடது தோள் இறங்கியிருப்பது, செடி மட்டம் பார்க்கிற கம்பைக் கையில் பிடிக்காமல் கக்கத்தில் இடுக்கியிருப்பது. நமக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாக்கண்ணு அக்காதான். போன வருஷம் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போன அதே அக்கா. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் விட்டுவிட்டேன், அப்பா விழப் பார்த்தார்.

நீ அங்கே கணினியில் உட்கார்ந்து, முகத்தைக் கறுப்பாக்கிவிட்டால் அது யாரும் இல்லை என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், மலைக்குப் போகாத ஆட்கள்தானே நாம். ஆனால் மூட்டத்துக்குள் வேலை செய்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் முகத்தைப் பார்த்தா அடையாளம் பிடிக்கிறார்கள்? எந்த நிரையில் யார் நிற்கிறார்கள் என்று கங்காணிக்கும் உருவத்தை வைத்துத்தான் தெரியும், கூடை கட்டின விதத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். அவர்களுக்கு அது பேர் எழுதின மாதிரி. அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. அழகுமுத்து கங்காணி வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பாதான் படம் எடுப்பதாகப் பேச்சு, கடை திறந்த பிறகு முதல் பெரிய வேலை. மறுநாளே அவர் சம்சாரம் வந்து, பொண்ணு மாப்பிள படத்துல மூலைக்கு மூல செத்தவ நிப்பாளா, எங்களுக்கு வேற எடம் பாத்துக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. அப்பா மழைக்குப் போடுகிற ஒரு படங்கை எடுத்துப் போர்டை மூடிக் கட்டிவிட்டார். அந்தக் கெமரா படத்தையே உடனே அனுப்பச் சொல்லு என்று என்னிடம் சொன்னார், அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசுவதில்லை. மல்லுக்கு நின்றவள் நான்தானே.

இவ்வளவோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், கெமரா படத்தை அனுப்பு என்று ஒரு வரியோடு முடித்திருப்பேன். அக்காவின் மகள் ஜெயந்தினி நேற்று கட்டுநாயக்கவிலிருந்து வந்திறங்கினாள், கார்மன்ட் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு. அம்மாவைப் போர்டில் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே கடைக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அவள் படங்கை மட்டும் அவிழ்க்கச் சொன்னாள். அப்பா அவிழ்த்தார். அவள் ஏணியில் இரண்டு படி ஏறி அந்தத் துண்டு முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "எல்லாம் எங்கம்மாவாத்தான் இருக்கு டீச்சரக்கா. மொகத்த மட்டும் ஏன் கறுப்படிச்சீங்க?"

ஒரே நிறத்தில் இருந்தால்தான் தூரத்துக்குத் தெரியும் என்று மீராசாஹிப் நானா சொன்னதை அவளிடம் சொல்ல முடியுமா? அப்பாதான் மெதுவாக, இது தனு ஒரு போட்டோவுக்கு மேல வரஞ்சதும்மா என்றார். அவள் உடனே திரும்பி, அப்ப மொகம் உள்ள படம் ஒன்னு இருக்குல்ல என்று கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்தபிறகுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அக்கா செத்த வீட்டில் பந்தலில் கட்டிய பேனரில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிசாக்கிப் போட்டார்கள். சின்ன வயசில் எடுத்தது, புள்ளி புள்ளியாக, வெறித்த முகம். வலப்பனையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், இது யாரு மகளா என்று கேட்டார்கள். அந்த வீட்டில் அக்காவின் படம் என்று இருப்பது அது ஒன்றுதான். சுவருக்கு இந்தப் பக்கம் தோட்டத்துக்கே படம் எடுக்கிற ஒரு ஆள் இருந்தும், அந்தப் பக்கத்து முகம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு நேற்றுவரை உறைக்கவே இல்லை. அப்பாவும் நம்பாமல் தன் பழைய படங்களையெல்லாம் இன்று பகல் முழுக்கத் திறந்து பார்த்தார். சடங்கு, கல்யாணம், திருவிழா எல்லாவற்றிலும் அக்கா இருக்கிறது, ஆனால் ஒன்றில் முதுகு, ஒன்றில் முழங்கை, ஒன்றில் மணப்பெண்ணுக்குப் பின்னால் சேலை முந்தானை மட்டும். சோற்றுக் குண்டானுக்குப் பின்னால் குனிந்துகொண்டிருக்கிறது ஒன்றில், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

அது படத்துக்கு நிற்காது, உனக்குத்தான் தெரியுமே. ரோட்டோர மலையில் பறிக்கும்போது வேனை நிறுத்தி வெள்ளைக்காரர்கள் கெமராவைத் தூக்கினால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அக்கா திரும்பிக்கொள்ளும். என் மூஞ்சிய எந்த ஊர்ல கொண்டு போயி விக்கப் போறானோ என்று சத்தமாகவே சொல்லும். விற்றது வெள்ளைக்காரன் இல்லை, நாம். அதனால் உன்னிடம் நேராகவே கேட்கிறேன். இந்தப் படத்தை நீ அக்காவுக்குத் தெரிந்து எடுத்தாயா, தெரியாமல் எடுத்தாயா? நீ கத்தாருக்குப் போகுமுன் புதுப் போனை வைத்துக்கொண்டு மலை மலையாக ஏறித் திரிந்தாயே, அப்போது எடுத்ததாக இருக்கும். நீ அந்த வீட்டில்தான் பாதிநாள் சாப்பிட்டு வளர்ந்தவன், உனக்கென்றால் ஒருவேளை நின்றிருக்கும், அதையும் யோசித்துப் பார்த்தேன். ஜெயந்தினியும் அதைத்தான் கேட்கிறாள். தன் அம்மா கெமராவைப் பார்த்து நிற்கிறாள் என்றால் போர்டு இருக்கட்டும், கங்காணி வீட்டுக்கு நானே போய்ப் பேசுகிறேன் என்கிறாள். தெரியாமல் எடுத்தது என்றால் தானே ஏறிக் கழற்றுவாளாம். அதைச் சொல்லும்போது கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் என்னை ரொம்பப் பயப்படுத்துகிறது. தலைத் திவசம் நெருங்கிவிட்டது, அதற்கு முன் ஒரு முகம் வேண்டும் அவளுக்கு. எது உண்மையோ அதை எழுது. நமக்குச் சாதகமாக எழுதாதே, கடையைப் பற்றி யோசிக்காதே, கடைக்கு ஒரு கெமரா படம் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை நன்றாகக் கேட்டுக்கொள். பழைய போனோடு அந்தப் படம் அழிந்துபோயிருந்தால் அழிந்துவிட்டது என்று சொல். இப்போதெல்லாம் கணினியே முகம் செய்து கொடுக்கிறதாம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே காட்டினார்கள். அடையாள அட்டைப் படத்தை வைத்து வயசைக் கூட்டி ஒரு முகம் செய்து அனுப்பலாம் என்று உனக்குத் தோன்றும், நீ கெட்டிக்காரன், அவள் அழக்கூடாது என்று செய்வாய். செய்யாதே, தம்பி. கையெடுத்துக் கேட்கிறேன். இல்லாத முகத்தை நம்பி அவள் மாலை போட்டுக் கும்பிடுவதைவிட, இல்லை என்று கேட்டு ஒரு நாள் அழுதுவிடுவது மேல். முகம் பாதிதான் தெரிகிறது, ஆடியிருக்கிறது என்றாலும் பரவாயில்லை, நீ எதையும் திருத்தாமல் எடுத்த மாதிரியே அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்த வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே, வாடகை அறைப் பையன்களோடு விட்டுக்கொடுத்துப் போ. கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறேன், மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், நீ ஒரு குறையும் இல்லாமல் வாழவேண்டும். அப்பாவின் கோபத்தை மனசில் வைக்காதே, அவர் போர்டைக் கழற்றவில்லை, மூடித்தான் வைத்திருக்கிறார். பக்கத்துக் காம்பராவில் இன்னும் லைட் எரிகிறது, சுவர் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. ஜெயந்தினி இருமுவதுகூடக் கேட்கிறது, என் பேனாச் சத்தம் அவளுக்குக் கேட்குமோ என்னவோ. விடிந்ததும் கதவைத் தட்டிக் கேட்பாள், தனு என்ன சொன்னான் என்று. படம் இருக்கிறதா இல்லையா, அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா, இந்த இரண்டையும் மட்டுமாவது சீக்கிரம் எழுதி அனுப்பு.

உன் பதிலுக்கு விழித்திருக்கும் அம்மா,
லோஜினி