உன்னை விழுத்தியது துணியல்ல, மச்சான்

என் மச்சான் கணபதிக்கு,

போன இடத்திலும் யாரையாவது பிடித்துவைத்துத் தர்க்கம் பண்ணிக்கொண்டுதான் இருப்பாய். அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். உன்னோடு மட்டும் பேசுவதானால் எனக்குக் காகிதம் வேண்டாம். வரம்பில் நடக்கும்போதெல்லாம் உன்னோடுதானே பேசுகிறேன். நம் ஊரவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வயல் வட்டையில் கதிர் வெட்டு முடிந்தது. கதிரைக் குவித்துச் சூடு வைத்து, களவெட்டியில் எருமைகளை விட்டு மிதித்தும் ஆயிற்று. உலகச் சண்டையால் கப்பலில் அரிசி வருவது குறைந்துபோக, ஒருநாளும் எங்களைத் திரும்பிப் பார்க்காத பட்டணத்தாரும் இப்போது தோணி ஏறி வந்து வயல் எப்படி என்று விசாரிக்கிறார்கள். உன் மகள் தங்கம்மா மாசமாக இருக்கிறாள். உன் மருமகன் தம்பிராசா உன் வீட்டோடுதான் இருக்கிறான், நல்ல பிள்ளை. களவெட்டியில் நெல் தூற்ற நீ ஏறி நின்ற முக்காலியில் இப்போது அவன்தான் ஏறுகிறான்.

ஆனால் விடியற்காலையில் அவன் இருமுகிறான் மச்சான். அதே வறட்டு இருமல். முதல் நாள் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டபோது நீதான் என்று நினைத்து எழும்பி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் உன் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தாள்.

நீ விழுந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? பதரின் தூசியும் சுணையும் நெஞ்சுக்குள் போகிறது என்று சொல்லி, இந்தப் பக்கத்தில் முதன்முதலாக மூக்கையும் வாயையும் துணியால் கட்டியவன் நீதான். கட்டியதை ஒழுங்காகக் கட்டினாயா? தடித்த சால்வையை மடிப்புமேல் மடிப்பாக மடித்து, தண்ணீரில் தோய்த்து, பின்தலையில் முடிச்சை இறுக்கிக்கொண்டு உச்சி வெயிலில் ஏறி நின்றாய். எதையாவது அளவோடு செய்த ஆளா நீ? கொஞ்ச நேரத்தில் கண் இருண்டு, தூற்றின நெல்லின் மேலேயே விழுந்தாய்.

அன்றைக்குக் களத்துக்குப் பொறுப்பாக நின்ற முல்லைக்காரர் கந்தப்பர் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “வெளிய போற மூச்ச அடைச்சு வெச்சா அது எங்க கா போகும்? மண்டைக்குள்ளதான் ஏறும். மூளை கலங்கிப்போகும். அதோட வாயக் கட்டினவன் பொலி கூறுறது எப்பிடி? பொலி கூறாத களத்தில பொலி பெருகுமா?”

நெல்லைக் களவெட்டிக்குள் நெல் என்று சொல்லாமல் பொலி என்றே சொல்லி, குவியலில் கொட்டும்போதெல்லாம் “பொலி, பொலி” என்று கூவுகிறவர்கள் நாம். அந்தக் குரல் கேட்காவிட்டால் விளைச்சல் குன்றும் என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஊரில் எல்லாரோடும் மல்லுக்கு நின்ற நீயும் சிரித்துக்கொண்டே சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். அதை ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினாய் மச்சான்?

அதற்குப் பிறகு நீ துணி கட்டவே இல்லை. நெஞ்சு இழுத்தபோதும் கட்டவில்லை, படுக்கையில் விழுமட்டும் கட்டவில்லை. இப்போது ஊரில் என்ன கதை தெரியுமா? கணபதி மூக்கைக் கட்டித்தான் செத்தானாம். உன்னை ஆயுள் முழுக்கத் தின்ற தூசிக்கு ஒரு பழியும் இல்லை. அரைப்பொழுது முகத்தில் கிடந்த சால்வைக்கு முழுப் பழி. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பிராசாவிடம் துணி கட்டச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பெரிய மாமா கட்டித்தானே மாமா விழுந்தவரு” என்றான். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். துணி என்ன செய்யும், என்ன செய்யாது என்று என் உடம்பிலேயே பார்த்துவிடுவது.

துணிக்கு இப்போது பெரிய தட்டுப்பாடு. உன் தங்கச்சி பொன்னம்மா தன் பழஞ்சேலையைக் கிழித்துத் தந்தாள். அதைக் கட்டிக்கொண்டு விறகு கொத்தினேன், வாவியில் தோணி வலித்தேன். நாவற்குடாவில் ஒரு கிழவர் என்னைக் கண்டு பாதையை விட்டு விலகிப் போனார். பொன்னம்மாவோ, “பகல்லயே களவெடுக்கப் போறீங்களோ?” என்றாள்.

கஷ்டம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். விட்ட மூச்சு திரும்ப முகத்தில் அடித்தது. வாயைச் சுற்றி வியர்த்து அரித்தது, காதடி நொந்தது. காரணமில்லாமல் கோபம் வந்தது. நான் சிரித்தது எதிரே நின்றவனுக்குத் தெரியாததால் பகிடிக்குச் சொன்னது சண்டையாக முடியப் பார்த்தது. துணி நனைந்து மூக்கோடு ஒட்டியபோது, மடித்துக் கட்டியபோது, மூச்சு இழுபட்டுத் தலை சுற்றவும் செய்தது. உன்னை விழுத்தியது அதுதான். ஈரச் சால்வையும் வெயிலும் உன் அவசரமும்.

பிறகு காய்ந்த மெல்லிய துணியை ஒற்றையாக, கொஞ்சம் தளர்த்திக் கட்டினேன். நனைந்தால் மாற்றினேன். இடைக்கிடை நிழலுக்குப் போய் அவிழ்த்துவிட்டு மூச்சு வாங்கினேன். தலை சுற்றவில்லை. மூளையையும் சோதிக்க வேண்டுமே? துணியோடு இருந்துகொண்டு நம் வட்டையின் வயல்களைத் தெற்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவந்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். “அது மூஞ்சியக் கட்டாமலே நீங்க மறக்கிற வயல்தான்” என்றாள் உன் தங்கச்சி. அந்த வார்த்தையோடு என் மூளைக்குப் பழுதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

தூற்று நாளன்று கட்டிய துணியோடு களவெட்டிக்குள் போனேன். கந்தப்பர் கையை நீட்டி மறித்தார். “கணபதிக்கு நடந்தது போதாதா கா? அவிழ்த்துப்போட்டு வா. இல்லாட்டி வெளிய நில்லு.” அவர் சொல்லை மீறினால் எனக்கு இனி எந்தக் களத்திலும் வேலை இல்லை. இது எனக்குத் தெரியும், சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான் துணியை அவிழ்க்கவில்லை.

“அண்ணே, ஒண்டு கேக்கிறன்” என்றேன். “நம்மட கோயில்ல கப்புகனார் வெள்ளைத் துணியால வாயக் கட்டித்தானே பூசை வெக்கிறாரு? நம்மட மூச்சு சாமியில படக்கூடாதெண்டுதானே? அவருக்கு எந்த நாள் மூளை கலங்கினது? வாயக் கட்டிச் செய்யிற பூசைய முருகன் ஏத்துக்கிறாரு. வாயக் கட்டிக் கூறினா பொலி மட்டும் கோவிச்சுக்குமா?”

கந்தப்பர் கோயில் என்றால் உருகுகிற மனிதர், உனக்குத் தெரியும். நீட்டிய கையை மட்டும் எடுத்துக்கொண்டு பொலிப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் தம்பிராசாவிடம் போனேன். எல்லாரும் கேட்கத்தான் சொன்னேன். “உன்ர மாமன் துணி கட்டின நாள்ல சாகல மனே. அவிழ்த்து எறிஞ்ச பிறகுதான் செத்தான்.” நான் நீட்டிய துணியை வாங்கிக் கட்டிக்கொண்டு அவன் முக்காலியில் ஏறினான். துணிக்குள்ளிருந்து அவன் பொலி கூறிய குரல் அடைத்துத்தான் வந்தது. கீழே நின்ற நாங்கள் அதை வாங்கி உரத்துக் கூறினோம். அளந்தபோது பொலி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கந்தப்பர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த போகத்துக்குக் கூப்பிடுவாரோ தெரியாது.

துணி கட்டினால் இருமல் மாறிவிடும் என்று சத்தியம் செய்ய நான் பரியாரியார் அல்ல. தம்பிராசா இன்னும் இருமுகிறான்.

ஆனால் மறுநாள் உன் மகள் அந்தத் துணிகளைக் கிணற்றடியில் சட்டித் தண்ணீரில் போட்டு அலசினாள். தண்ணீர் சேறாக மாறியது. ஊற்றிவிட்டு மறுபடி அலசினாள், மறுபடியும் சேறு. அவள் கையை எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்து, “இதெல்லாம் அப்பாக்குள்ள போனதா மாமா?” என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன நாளில்கூட அழாத பிள்ளை, அன்றைக்கு அழுதாள்.

ஆகையால் கேட்டுக்கொள் மச்சான். என்னைக் களத்தை விட்டுத் துரத்தினால் வரம்பில் நின்று சொல்வேன், வரம்பிலிருந்தும் துரத்தினால் தோணித் துறையில் நின்று சொல்வேன். தம்பிராசா துணியில்லாமல் ஏற நான் விடமாட்டேன். தங்கம்மாவின் பிள்ளைக்கு, உன்னைக் கொன்றது எது என்று நானே என் வாயால் சொல்லுவேன்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் பேரப்பிள்ளைக்கு இனி நீயும் நானுமாக இருக்கப்போகிறவன்,
மச்சான் சாமித்தம்பி
வவுணதீவு