தாளில் அளவெடுத்த புண்

அன்பு மகளுக்கு,

கால் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அதை எடுக்கச் சம்மதித்து நீ கையெழுத்துப் போட்டதைப் பற்றி எழுதப்போவதில்லை.

நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனால் நாற்பது வருஷம் துணி வெட்டியவள். ஒவ்வொரு முறை டாக்டர்கள் என் கால் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகும் அதன் ஓரத்தைத் தாளில் வரைந்து தேதி போட்டு வைத்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்த தோல் டாக்டரம்மா அதையெல்லாம் அடுக்கிப் பார்த்தாள்.

"பாட்டி, கத்தி வைக்க வைக்கப் பெருசாயிருக்கே! இது கிருமி இல்லன்னு நினைக்கிறேன். உங்க உடம்பே உங்க தோலைத் தின்னுது. யாரு இப்படி அளவெடுத்தது?"

"நாந்தான்" என்றேன். கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னேன்.

ஆபரேஷனை நிறுத்தினார்கள். சோதனையில் கிருமி இல்லை என்று உறுதியானதும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அபூர்வமான நோயாம். மூன்று வாரமாக ஒவ்வொரு தாளும் முந்தினதைவிடச் சின்னது.

என் மிதி தையல் மெஷினை யாருக்கோ கொடுக்கப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். கொடுத்துவிடாதே. பேத்திக்குக் கவுன் தைக்க அளவு வேண்டும். அதை எழுதி அனுப்பாதே. அவளைக் கூட்டிக்கொண்டு நீயே வா. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

இரண்டு காலோடும்,
உன் அம்மா