வளைவில் நீட்டிய கை

மார்ஷ்கோட்
4 மார்ச் 2007

அன்புள்ள சிரில்,

சுகந்தானே? நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பக்கத்து வீட்டு மிஸஸ் பிம். பேச்சு முரடாக இருந்தால் அவளைக் குறை சொல்லாதே.

நாம் லாரி ஓட்டின அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சனிக்கிழமை நம் ஊர் மன்றத்தில் போடுகிறார்கள். கீறலெல்லாம் துடைத்துப் புதுசாக்கியிருக்கிறார்களாம். நீ வரணும்.

படம் வந்த முதல் நாள் கொட்டகையில் நடந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. வில்லன் ஜல்லி லாரியில் கொலைவெறியோடு துரத்துகிறான். வளைவு வந்ததும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு, பின்னால் வருகிறவர்களுக்கு 'மெதுவா வா' என்று சைகை காட்டுகிறது. வில்லனுக்குப் பதிலாக ஓட்டின உன் கை. கொட்டகையே சிரித்தது. "கொல்லப் போறவனுக்கு என்னா ஒழுங்குடா!" என்று நம்மோடு லாரி ஓட்டின கோர்டன் கத்தினான். அதோடு நீ கதவைத் தள்ளிக்கொண்டு போனவன்தான்.

ஐம்பது வருஷம் போதாதா?

ஆர்னால்ட்

விட்பி
7 மார்ச்

அன்புள்ள ஆர்னால்ட்,

வரமாட்டேன்.

பின்னாடி ஒரு பொண்ணு சைக்கிளில் வந்தாள், அடுத்த நொடி நான் லாரியைக் கவிழ்க்கணும், அதனால்தான் கை காட்டினேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? "ஷூட்டிங் நடக்கற கல்குவாரிக்குள்ள சைக்கிள் எங்கருந்துடா வந்துச்சு?" என்றார்கள். நீ ஒருத்தன் நம்பினாய், அதுவும் நான் பியர் வாங்கிக் கொடுத்த நாட்களில். புளுகன் என்ற பேரோடுதான் ஊரை விட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்கவா பஸ் ஏறுவேன்?

உன் முட்டிக்கு என் மகள் தைலம் அனுப்புகிறாள். தேய், குடித்துவிடாதே.

சிரில்

மார்ஷ்கோட்
11 மார்ச்

அடே சிரில்,

வராமல் போய்விட்டாயே, பாவி.

மன்றம் நிரம்பி வழிந்தது. வளைவு வந்தது, கை நீண்டது, வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் தூசிக்குள் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது. எழுந்து நின்று, "நிறுத்துப்பா, திருப்பிப் போடு" என்றேன். "உக்காருய்யா கிழவா" என்றான் கோர்டன். நான் உட்காரவில்லை. ஆப்பரேட்டர் திருப்பிப் போட்டு, அப்படியே நிறுத்தினான்.

இருந்தாள் சிரில். உன் லாரிக்குப் பின்னால், பெரிய திரையில், துடைத்த கண்ணாடி போல. கைப்பிடியில் டீக்கேன் தொங்க, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தாள். உன் கையைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறாள். அடுத்த காட்சியில் லாரி உருண்டது, நிற்காமல் வந்திருந்தால் அவள் வந்து சேர்ந்திருக்கும் இடத்தில்தான்.

சிரிப்பு அப்படியே அடங்கியது. "அட, நெஜமாத்தான்யா சொல்லியிருக்கான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கோர்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் படத்தை ஓட்ட முடிந்தது. அழுதது மிஸஸ் பிம்தான், நானில்லை. (இது பொய். அழுதது ஆர்னால்ட்தான். இப்படிக்கு, இதை எழுதும் மிஸஸ் பிம்.)

ஆர்னால்ட்

விட்பி
14 மார்ச்

அன்புள்ள ஆர்னால்ட்,

கோர்டன் எழுந்து நின்ற வரியை மகளை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். நாலாவது தடவைக்கு, "நீங்களே படிச்சுக்கோங்கப்பா" என்று கையில் கொடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் அந்தப் படத்தைப் போடச் சொல். வருகிறேன். முதல் வரிசையில், கோர்டனுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு வேண்டும்.

சிரில்