ஓரத்தில் நின்றவர்கள்

மார்ச் 3

மறைந்த தந்தையின் கூடத்தில் அமர்ந்திருக்கும் தம்பியே! அவர் எடுத்த தொடர்வண்டிப் படங்களை இணையத்தில் காணக் காத்திருக்கும் பெருமக்களே! தமக்கை ஒருத்தியின் முறையீடு இது. இரண்டு மடல் எழுதினேன், விடை இல்லை.

நான் கேட்பது ஒரே ஒரு படம். பணிமனை வாயிலில் அறுபத்தொன்றாம் எண் நீராவிப் பொறி. அதன் வலப்பக்கம், எண்ணெய்க் குவளையோடு உன் அத்தான். தொடர்வண்டிப் பெட்டிகளை இணைக்கையில் நசுங்கி அவர் மாண்டார். வீட்டிலிருந்த அவர் படங்களை வெள்ளம் கொண்டுபோனது. "அப்பா மூஞ்சி எப்படிம்மா இருக்கும்?" என்று மகள் கேட்கிறாள். தொழிலாளர் கூட்டங்களில் நா தடுமாறாத நான், அவள்முன் விரலால் காற்றில் வரைந்து காட்டுகிறேன். இணையத்தில் ஏற்றுமுன் அதை எனக்கு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கோபம் வேண்டாம். "உங்க அக்கா கடிதத்தைப் பிரிச்சாலே கைதட்டத் தோணுது" என்கிறாள் வீட்டுக்காரி. கூடமெங்கும் அட்டைப்பெட்டிகள், சாப்பாடுகூட நின்றபடிதான்.

காப்பகத்தார் கொடுத்த ஸ்கேனரில் அப்பாவின் பெரிய படங்கள் நுழையவில்லை. "ஓரந்தானே சார், சீவிடலாம்" என்றார் பைண்டிங் கடைக்காரர். அப்பா சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடுவாரே, அதுதான் போகும் என்று நினைத்தேன். படங்களின் எண்கள் பின்புறம் இருப்பதால், கட்டுக்கட்டாகக் கவிழ்த்து வைத்து, கடைக்காரர் கொடுத்த வெட்டுக்கத்தியில் இரு பக்கமும் நறுக்கினோம். வேலை பறக்கிறது, ஒரு பெட்டிதான் பாக்கி. நறுக்கிய துண்டுகளைப் பழைய பேப்பர்காரர் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார். கால் வைக்க இடம் கிடைத்தது.

நீ கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எஞ்சின் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அத்தானைக் காணோமே, அக்கா? எஞ்சின் எண் அதேதான். ஒருவேளை வேறு படமோ? யோசித்து எழுது.

அன்புத் தம்பி

மார்ச் 17

தம்பி,

வேறு படம் இல்லை. அதுதான்.

அப்பா படமெடுத்த முறையை எப்படி மறந்தாய்? "எஞ்சினை மறைக்காதீங்கப்பா, ஓரமா நில்லுங்க" என்பாரே! கொடி காட்டியவர், சக்கரம் துடைத்தவர், தண்டவாளம் பூட்டியவர் அத்தனை பேரையும் ஓரத்தில்தான் நிறுத்தினார். அவர்களும் சொன்ன இடத்தில் அசையாமல் நின்றார்கள். நீ சீவியது வெற்றுத் தாளை அன்று. மறுபடி அச்சிடலாம் என்றால், படச்சுருள்களையோ தொடர்வண்டி அலுவலகம் முன்பே எரித்துவிட்டது.

நீ அனுப்பியதை உருப்பெருக்கியில் பார்த்தேன். வலது விளிம்பில் எண்ணெய்க் குவளையின் மூக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மகளிடம் காட்டினேன். "இதாம்மா அப்பாவா?" என்றாள். ஆம் என்றேன்.

உன்னைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கேட்டேன். கிடைக்காது என்று தெரிந்தே கேட்பது இதுவே முதன்முறை. பேப்பர்காரரின் கிடங்குக்கு ஓடு. மூட்டை போயிருந்தாலும் ஓடு. கத்தியை இன்றே திருப்பிக் கொடு. மிஞ்சிய பெட்டியைத் தொடாதே. நறுக்கிய ஒவ்வொரு படத்தின் கீழும் எழுது: "இப்பொறியின் அருகே மனிதர் நின்றார். அவரை நாங்கள் வெட்டி எறிந்தோம்." அதை எழுதாமல் ஒன்றையும் இணையத்தில் ஏற்றாதே.

இந்த மடலை மடித்து வைக்காதே. எழுந்திரு, தம்பி. இப்போதே.

அக்கா